லிஃப்ட் அக்காவின் மூச்சு

அந்தக் கட்டடத்துக்கு நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது. அதன் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பெண்மணிக்கு அக்கம்பக்கத்தார் வைத்திருக்கும் பெயர் ‘லிஃப்ட் அக்கா’.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. நகரத்தில் எந்த மூலையில் எவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும், உள்ளே மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்தினால், அழைப்பு வந்து விழுவது இந்த அக்காவின் காதில்தான். ஏழு விநாடிக்குள் எடுக்க வேண்டும். “பயப்படாதீங்க, நான் லைன்ல இருக்கேன், உள்ள எத்தனை பேர் இருக்கீங்க, விளக்கு எரியுதா, யாருக்காவது உடம்பு முடியலையா?” என்று ஒரே மூச்சில் கேட்க வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் மாட்டிக்கொண்டவர் அந்த இடைவெளியில் பயந்துவிடுவாராம். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். கதவு திறந்து உள்ளே இருப்பவர் வெளியே கால் வைக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதுவரை எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

மனிதன் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். மைத்துனனோடு பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாததற்கு என்ன காரணம், உண்மையில் யார் மீது தப்பு, எல்லாம். பாதி ஊரின் ரகசியம் அக்காவுக்குத் தெரியும். மீதி ஊர் படிக்கட்டில் ஏறுகிறது.

பதினோரு வருடம் அக்கா இரண்டு பேருந்து மாறி அலுவலகம் போய்த்தான் இதைச் செய்துவந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் நிறுவனம் அலுவலகத்தை ஓர் அறையாகச் சுருக்கிவிட்டு, அநேகமாக எல்லோர் கையிலும் ஒரு மடிக்கணினியையும் கம்பியில்லாத ஹெட்செட்டையும் கொடுத்து, “இனிமே வீட்டுல இருந்தே பாருங்க” என்றது. அக்காவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆயிற்று. படுக்கையறை மூலையில் ஒரு மேசை. மேசை வந்ததிலிருந்து அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். பாதிக் கதவில் கைக்கு எட்டிய துணிதான் அன்றைக்கு உடை. ஏழு மணி வேலைக்கு ஆறு ஐம்பதுக்கு எழுந்தால் போதும். மத்தியானம் மகள் கல்லூரியிலிருந்து வந்து கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கிறது. மழை பெய்தால் ஜன்னல் வழியாகப் பார்த்து, “ஐயோ பாவம்” என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களுக்காக இரக்கப்படலாம். இதைவிடச் சொர்க்கம் வேறு என்ன?

உடம்பு என்பது குடித்தனக்காரன் மாதிரி. வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதில்லை என்று தெரிந்தால் சுவரெல்லாம் ஆணி அடிக்க ஆரம்பித்துவிடுவான். அக்காவின் உடம்பும் அடித்தது. முதலில் இடுப்பில் ஒன்று. பிறகு முழங்காலில் இரண்டு. முன்பெல்லாம் பேருந்தைப் பிடிக்க ஓடியவர், இப்போது ஃப்ரிட்ஜ் வரை போய் வந்தாலே ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தார். ஃப்ரிட்ஜுக்குப் போவது மட்டும் குறையவில்லை; ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போய்வந்தார். நடை என்று பார்த்தால் அது ஒன்றுதான். ஆனால் அந்த நடையில் போகும்போது வெறுங்கை, வரும்போது வெறும் வாயாக இருக்காது.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று ஐம்பது, தொண்ணூற்றாறு.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிற வேலை டாக்டர்.”

“தீயணைப்புத் துறையா?”

“இல்ல, உட்கார்ந்துதான்.”

“அதான் பிரச்சினை. எழுந்து நடங்க. மூணு மாசம் டைம். குறையலைன்னா மாத்திரை. ஆரம்பிச்சா நிறுத்த முடியாது” என்று சொன்ன டாக்டர், எழுந்திருக்காமலே சக்கரம் வைத்த தன் நாற்காலியை உதைத்து உருட்டிக்கொண்டு அறையின் மறுபக்கம் போய்ச் சீட்டு எழுதினார்.

நடப்பதற்கு அக்கா முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து தெருவைச் சுற்றினார், மூன்று நாள். நான்காம் நாள் அலாரம் அடித்தது, அதை அணைக்கக் கை போயிற்று, உடற்பயிற்சி அதோடு முடிந்தது. மகள் கைபேசியில் ஒரு குதிக்கும் பயிற்சியைக் காட்டினாள். “பத்தே நிமிஷம்மா, நின்ன இடத்துலயே குதிச்சா போதும்.” அக்கா குதித்தார். ஆறாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். கையில் சின்னதாக ஒரு சுண்ணாம்புத் துண்டு.

“இது உங்க வீட்டுத் தரையாம்மா, எங்க வீட்டுக் கூரையா?”

“ஏன் சார்?”

“எங்க விழுந்துச்சுன்னு கேளுங்க. என் டீ கிளாஸ்ல.”

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நாளில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் பேச்சிலேயே போகிறது. பேசுவதற்கு வாய் போதும். கால் எதற்குத் தண்டமாக மேசைக்குக் கீழே கிடக்க வேண்டும்? ஹெட்செட்டுக்குத்தான் கம்பி இல்லையே! பால்கனிக் கதவிலிருந்து கூடத்தைத் தாண்டிச் சமையலறை ஜன்னல்வரை ஒரு நேர்கோடு. போ, திரும்பு, வா.

முதல் அழைப்பு ஒரு பெரியவருடையது. எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார். அக்கா ஆர்வத்தில் வேகமாக நடந்துவிட்டார்.

“பயப்… படாதீங்க… நான் லைன்ல… இருக்கேன்… உள்ள எத்தனை…”

“ஏம்மா, நீயும் மாட்டிக்கிட்டியா?” என்றார் பெரியவர். “எந்த மாடி?”

“இல்லைங்கய்யா… நான்…”

“பேசாத, பேசாத. மூச்சை அடக்கு. சுவர்ல சாஞ்சு உக்காரு. பக்கத்துல யாராவது இருக்காங்களா? தைரியமா இரு, நான் லைன்ல இருக்கேன்.”

இருபத்திரண்டு நிமிடம் பெரியவர்தான் அக்காவுக்கு ஆறுதல் சொன்னார். மெக்கானிக் கதவைத் திறந்ததும், “என்னை விடுப்பா, முதல்ல அந்தப் பொண்ணைப் போய்க் காப்பாத்து” என்று அவர் சத்தம் போட்டது ஹெட்செட்டில் துல்லியமாகக் கேட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு காலணிக் கடையில் விற்பனையாளர். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நின்றபடி வேலை. வாடிக்கையாளர் உட்கார்ந்தால் இவர் குனிவார், எழுந்தால் இவரும் எழுவார். கடையில் உட்கார்ந்ததாக ஒரு சரித்திரமும் இல்லை. மனைவி நடக்க ஆரம்பித்த செய்தி கேட்டு, கடையில் பத்து மாதமாக ஒருவரும் எடுக்காத ஒரு ஜோடி நடை ஷூவைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்.

“வெறுங்கால்ல நடந்தா குதிகால் போயிடும். போட்டுப் பாரு.”

“பத்து மாசமா ஏன் யாரும் வாங்கலை?”

“கலர் பிடிக்கலையாம்” என்றார். நிறத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. அந்த ஷூ கத்தும். ஒவ்வொரு அடிக்கும் ‘கீச்’ என்று ஒரு சத்தம். காதை மூடிய ஹெட்செட்டோடு நடந்த அக்காவுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

கேட்டது யாருக்கு என்றால், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், கையில் பூந்தொட்டியோடு மாட்டிக்கொண்ட ஓர் ஆளுக்கு. லிஃப்டின் உச்சியில் பதித்த ஒலிபெருக்கி வழியாக அவர் தலைக்கு மேலே கேட்டது.

“மேடம்! மேல ஏதோ சத்தம் கேக்குது!”

அக்கா சட்டென்று நின்றார். “என்ன சத்தம் சார்?”

“கீச் கீச்னு… இப்ப நின்னுடுச்சு.”

“ஒண்ணும் இல்ல சார், பயப்படாதீங்க” என்று அக்கா நடந்தார்.

“ஐயோ, மறுபடி! கயிறு ஒவ்வொரு இழையா அறுபடுது மேடம்! எனக்குத் தெரியும்!”

அக்காவின் பதின்மூன்று வருட அனுபவத்தில் கயிறு அறுந்து கேட்டதில்லை. பதற்றம் வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? வேகமாக நடப்பார்கள். நடந்தார். மேலே கயிறும் வேகமாக அறுபட்டது. ஒரு மெக்கானிக்குக்குப் பதில் மூன்று மெக்கானிக்கை அனுப்பினார். பூந்தொட்டிக்காரரைப் பத்திரமாக இறக்கினார்கள். லிஃப்டை நிறுத்தினார்கள். கயிற்றை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவித் தடவி மத்தியானம் பூராவும் தேடினார்கள். அன்றைக்குப் பன்னிரண்டு மாடிக்காரர்களும் படியேறித்தான் வீட்டுக்குப் போனார்கள். அக்காவின் உடற்பயிற்சித் திட்டத்தால் முதலில் பயனடைந்தவர்கள் அவர்கள்தான்.

சாயங்காலம் மகள் வந்து கதவருகே நின்று கேட்டாள்: “ஏம்மா, உன் ஷூ ஏன் எலி மாதிரி கத்துது?”

அக்கா ஹெட்செட்டைக் கழற்றினார். ஓர் அடி வைத்தார். கீச். இன்னோர் அடி. கீச். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ‘காது’ அழைத்தார். அழைப்புகளின் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடும் அதிகாரி அவர். அவருக்கு ஒரு முகமும் பெயரும் இருக்கத்தான் வேண்டும். ஊழியர்களுக்குக் காது மட்டும்தான் தெரியும்.

“மேடம், அந்த கீச் கயிறுல இருந்து வரலை. உங்க பக்கம் இருந்து வருது. மூணு தடவை போட்டுக் கேட்டேன். அதோட ரெண்டு வாரமா உங்களுக்கு மூச்சு இரைக்குது. வீட்டுல என்ன பண்றீங்க? துணி துவைக்கிறீங்களா?”

நடக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் வீட்டைச் சுற்றி நடந்தேன், அதனால் ஒரு கட்டடமே படியேறியது என்பதை எந்த வாயால் சொல்வது? அக்கா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

“இல்லவே இல்ல சார். உட்கார்ந்துதான் இருந்தேன். நாற்காலிதான் சத்தம்.”

“உட்கார்ந்தேவா?”

“ஆமா சார்.”

“உட்கார்ந்தே இப்படி மூச்சு வாங்குதுன்னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம் மேடம். வீட்டுல தனியா இருக்கிறது ஆபத்து. பேசாம ஆபீஸ் வந்துடுங்க. இங்க நாலு பேர் இருக்காங்க, ஒண்ணுன்னா பாத்துப்பாங்க.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விடுவது என்பார்களே, அது இதுதான். அக்கா கெஞ்சினார். கடைசியில் காது ஒரு மாதம் கொடுத்தார். ஒரு மாதமும் ஓர் அழைப்பு விடாமல் கேட்பார். மூச்சு ஒரு தடவை இரைத்தாலும் வீடு முடிந்தது. பழையபடி இரண்டு பேருந்து. “இருந்த இடத்தை விட்டு ஆடாம அசையாம இருங்க மேடம். எல்லாம் சரியாயிடும்.”

ஆக, டாக்டர் எழுந்து நட என்கிறார், காது உட்கார் என்கிறார். எழுந்தால் வீடு போகும், உட்கார்ந்தால் மாத்திரை வரும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் குடும்பம் கூடி ஆலோசித்தது.

“ஆபீஸுக்கே போயிடேன். நிறுத்தத்துக்கு நடக்குறதும் நடைதானே?” என்றார் வீட்டுக்காரர்.

“ரெண்டு பஸ்ல நசுங்கி, திரும்பி வந்து சமைச்சு, அதுக்கு மாத்திரையே மேல்.”

“அம்மா வீட்டுல இருக்கணும்” என்றாள் மகள்.

“ஏன், அம்மா மேல அவ்வளவு பாசமா?”

“சாவி ஒண்ணுதாம்ப்பா இருக்கு.”

ஒரு வாரம் அக்கா அசையவில்லை. முழங்கால் மறுபடி ஆணி அடித்தது. கோபம் வந்தது. லிஃப்டில் மாட்டிய ஒருவர் “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று ஐந்தாவது தடவை கேட்டபோது, “உங்களையாவது அரை மணியில விட்டுடுவாங்க” என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் அழைப்பு எதுவும் இல்லாத ஒரு நேரத்தில் எழுந்து நின்றார். அந்த முதல் வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்து பார்த்தார். வேகமாக நடந்தால் “விளக்கு” என்ற இடத்தில் மூச்சு அறுந்தது. கொஞ்சம் மெதுவாக நடந்தார், “உடம்பு”வரை வந்தது. இன்னும் மெதுவாக, மணவறை சுற்றுகிற மணப்பெண் மாதிரி நடந்தார். வாக்கியம் முழுசாக வந்தது. டாக்டரிடமும் காதிடமும் இல்லாத ஒரு கருவி அக்காவிடம் பதின்மூன்று வருடமாக வாயிலேயே இருந்திருக்கிறது! எந்த வேகத்தில் வாக்கியம் உடையாமல் வருகிறதோ, அதுதான் இன்றைய வேகம். நாளைக்கு அரைச் சிட்டிகை கூட.

ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வீட்டுக்காரரின் கம்பளிக் காலுறையை இரண்டு அடுக்காக மாட்டிக்கொண்டார். பூனை நடந்தாலாவது கேட்கும், அக்கா நடந்தால் கேட்காது. கீழ் வீட்டு வாத்தியாரே படியில் பார்த்து, “என்னம்மா, ஊர்ல இல்லையா?” என்று விசாரித்தார்.

பதினைந்து நிமிட இடைவேளை கிடைத்தால் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மூன்று மாடி இறங்கி ஏறுவார். ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சைச் சோதிக்க அந்த வாக்கியத்தை முணுமுணுப்பார். இதைப் பார்த்தவர்களுக்கு வேறு கணக்கு. லிஃப்ட் அக்கா தளத்துக்குத் தளம் நின்று, சுவரைப் பார்த்து, “உள்ள எத்தனை பேர், விளக்கு எரியுதா” என்று ஏதோ குறிப்பெடுக்கிறார் என்றால் என்ன பொருள்? கட்டடத்துக்கு லிஃப்ட் வரப்போகிறது! நான்காவது மாடி அம்மா ஒரு கிண்ணம் பழம் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ரகசியமாகக் கேட்டார்: “நம்ம வாசல் பக்கம் கதவு வர்ற மாதிரி சொல்லி வைங்கம்மா.” அக்கா எவ்வளவோ மறுத்தார். “பெரிய இடத்து விஷயம், வெளிய சொல்ல மாட்டாங்க” என்று அதற்கும் மரியாதை கூடியதே தவிர, யாரும் நம்பவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் பயிற்சியாளர். கூடம் ஐந்தாவது மாடியில் இருக்கிறதாம். லிஃப்டில் போகிறாராம்.

“மேடம்… மூச்சு… முட்டுது… காத்து… தீர்ந்துடும்…”

“பயப்படாதீங்க, நான் லைன்ல இருக்கேன், உள்ள எத்தனை பேர் இருக்கீங்க, விளக்கு எரியுதா, யாருக்காவது உடம்பு முடியலையா?” அக்கா தன் வீட்டுக் கூடத்தில் இருந்தார், முழு நடையில்.

“ஒருத்தன்தான்… எனக்குத்தான்… முடியலை…”

“காத்து தீராது தம்பி. மேல சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும், பாருங்க. இருக்கா? சரி. என்ன வேலை பாக்குறீங்க?”

“கோச்… மூச்சுப் பயிற்சிகூட… நான்தான்…”

“ரொம்ப நல்லதாப் போச்சு. இப்ப நீங்களும் நானும் நின்ன இடத்துலயே மெதுவா நடப்போம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க?”

“அம்மா… அக்கா… மாமா…”

“மாமா எப்படி?”

“சரியில்ல மேடம்.”

“விவரமாச் சொல்லுங்க, நேரம் இருக்கு.”

ஐம்பத்தொரு நிமிடம். மெக்கானிக்கின் வண்டி வழியில் நின்றுவிட்டது. அக்கா நின்றால் அந்த ஆளும் நின்று பயப்பட ஆரம்பித்தார். அதனால் அக்கா நிற்கவில்லை. மாமாவைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டார். முப்பதாவது நிமிடத்தில் காதின் நினைவு வந்தது. இத்தனை நேரம் சேர்ந்தாற்போல அவர் நடந்துகொண்டே பேசியதே இல்லை. ஒரே ஓர் இரைப்பு போதும், எல்லாம் போச்சு. உட்கார்ந்துவிடலாமா? நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. “மேடம், நடக்குறீங்கதானே?” என்றது ஹெட்செட்.

“நடக்குறேன் தம்பி” என்றார் அக்கா, பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே.

மறுநாள் காது அழைத்தார். அக்கா எல்லாவற்றுக்கும் தயாராகக் கைப்பையில் பேருந்து அட்டையைத் தேடி எடுத்து வைத்திருந்தார்.

“மேடம், அந்த ஐம்பத்தொரு நிமிஷத்தை முழுசாக் கேட்டேன்.”

“சார்…”

“வாடிக்கையாளருக்கு மூச்சு வாங்குது. உங்களுக்கு வாங்கலை! ஒரு இடத்துலகூட! அவரைத் தைரியப்படுத்த ‘நானும் நடக்குறேன்’னு ஒரு பொய் சொன்னீங்க பாருங்க, என்ன சமயோசிதம்! பயிற்சி வகுப்புல போட்டுக் காட்டச் சொல்லியிருக்கேன்.”

அக்கா ஒரு மாதத்தில் பேசிய உண்மை அது ஒன்றுதான், அதையும் காது பொய் என்று பாராட்டிவிட்டார்.

“நான் சொன்னேன்ல? ஆடாம அசையாம உட்கார்ந்தா மூச்சு தானா அடங்கிடும். நீங்க வீட்டுலயே இருங்க மேடம். இனிமே உங்க விஷயத்துல நான் காது கொடுக்க மாட்டேன்.”

“எல்லாம் உங்க புண்ணியம் சார்” என்றார் அக்கா, சமையலறை ஜன்னலில் திரும்பி.

அடுத்த வாரம் டாக்டர். நூற்று முப்பத்திரண்டு, எண்பத்தாறு. “மாத்திரை இப்ப வேண்டாம். இப்படியே போங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்” என்று அவர் உருண்டு போனார்.

பொய் சொன்ன அக்காவுக்குத் தண்டனை கிடையாதா என்று நீதிமான்கள் கேட்பார்கள். கிடைத்தது. பத்து நாளில் நிறுவனத்திலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. ‘இருக்கையை விட்டு அகலாத அர்ப்பணிப்புக்காக’ என்று ஓர் அட்டை. உள்ளே ஒரு நாற்காலி. முதுகுக்குத் தனி மெத்தை, கழுத்துக்குத் தனி மெத்தை, கால் நீட்ட ஒரு பலகை.

பெட்டியைக் கொண்டுவந்த இருவரும் கீழேயே நின்று, “லிஃப்ட் எங்கம்மா?” என்று கேட்டார்கள். கட்டடமே சிரித்தது. அவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட, அக்காவும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டாவது மாடியில் வீட்டுக்காரர், “இறக்கு… இறக்கு…” என்று சுவரில் சாய்ந்தார். அக்கா பெட்டியின் மேல் கையை வைத்து, வாத்தியாரோடு வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், முழு வாக்கியங்களில்.

அன்று கடைக்கு விடுமுறை. வீட்டுக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டினார். இருபது வருடமாக அடுத்தவர் கால்களையே பார்த்துவந்தவர், தன் கால்கள் கண்ணெதிரே நீண்டிருப்பதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“இந்தா, இதுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே தோணலையே!”

“தெரியும்” என்றார் அக்கா. “உங்களுக்குப் பரவாயில்லை, உட்காருங்க. எனக்குத்தான் அது ஆகாது.”

ஹெட்செட்டில் மணி அடித்தது. அக்கா பால்கனிப் பக்கமாக நடந்துகொண்டே ஐந்தாவது விநாடியில் எடுத்தார்.

“பயப்படாதீங்க, நான் லைன்ல இருக்கேன்…”